தண்ணீர் கிடந்த தரை

இப்போது அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடமாம். இடிக்கக் கூடாதாம், ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அனுமதி வாங்க வேண்டுமாம். பர்மா தேக்கு, சுதை வேலைப்பாடு, வண்ணக் கண்ணாடி வளைவுகள், மெட்ராஸ் டெரஸ் கூரை என்று வரிசையாக எழுதியிருக்கிறது. எழுதினவர் நல்லாயிருக்கட்டும். ஆனால் தரையைப் பற்றி ஒரு வரி கிடையாது. மனுஷன் அண்ணாந்து பார்த்தபடியே வந்து அண்ணாந்து பார்த்தபடியே போயிருக்கிறார். என் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று ஒரு பகல் முழுக்க என்னைத் தவிக்க விட்டது அந்தத் தரைதான். பலகையில் இதையெல்லாம் எழுதமாட்டார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவாக்கில் எனக்குக் கோவில்பட்டியில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் குமாஸ்தா வேலை. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஆலை. சட்டை, தலைமயிர், மூக்குத் துவாரம் எல்லாம் பஞ்சாகத்தான் இருக்கும். சொந்த ஊர் கடம்பூருக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில். தினமும் அங்கிருந்துதான் ரயிலேறி வேலைக்குப் போய்வருவேன். எங்கள் ஊரில் பருத்தி பிரமாதமாக விளையும் என்று யாரிடமும் மார்தட்டிச் சொல்லலாம். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிட வேண்டும். சித்திரை பிறந்துவிட்டால் ஊருணி வற்றிப்போகும். பெண்கள் ஓடையில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். ஊறவில்லையென்றால் ஊறும்வரை குழியோரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

மாதிரிப் பருத்தி கொண்டு கொடுப்பதற்காகத்தான் முதன்முதலில் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். அது ஒரு பெரிய பருத்திக் கமிஷன் கடை. முன்கட்டில் வியாபாரம். பின்கட்டில் மேனேஜர் குடும்பம். முதலாளி தூத்துக்குடியில் இருந்தார், எப்போதாவது காரில் வந்து போவார். நான் பருத்திப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றவன் நின்றவன்தான். பின்னால் வந்த வண்டிக்காரர், "ஏலே, தூணுன்னு நெனச்சு மாட்டக் கட்டிரப் போறாவ, தள்ளி நில்லு" என்று சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

என்ன கட்டடம்! முகப்பின் உச்சியில் சுதையில் செய்த கஜலட்சுமி. இரண்டு யானைகளும் அவள் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஊராக இருந்தால் அந்த யானைகளைக் கல்லால் அடித்தே விரட்டியிருப்பார்கள். லட்சுமிக்கு ஒரு பக்கம் துப்பாக்கி பிடித்த சிப்பாய். மறுபக்கம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ரயில் என்ஜின். சக்கரம், புகைபோக்கி, சுருள் சுருளாகப் புகைகூட சுதையிலேயே செய்திருந்தார்கள். ரயில் வந்ததால்தான் எங்கள் பக்கத்துப் பஞ்சு வெளியூர் போய்ப் பணம் வந்தது. அதனால் கட்டினவர் லட்சுமிக்குப் பக்கத்திலேயே என்ஜினையும் உட்கார வைத்துவிட்டார். அது நியாயம்தானே என்றுதான் எனக்குப் பட்டது.

உள்ளே போனால் தார்சா. முன்கூடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதில் இரண்டு கை சேர்த்தாலும் பிடிக்க முடியாத உருண்டைத் தூண்கள், உரித்த முட்டை மாதிரி வழவழவென்று. கதவுகளுக்கு மேலே அரைவட்ட வளைவுகளில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள். காலை வெயில் அதன் வழியாக இறங்கி, கொட்டிக் கிடந்த வெள்ளைப் பஞ்சின் மேல் விழுந்தது. பஞ்சு ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் கிடந்தது. பஞ்சுக்கு வெண்மையைப் பார்த்துத்தான் விலை. இந்த வெளிச்சத்தில் எவன் வெண்மை பார்ப்பது? அதனால் தரம் பார்க்க மட்டும் பஞ்சை நடுமுற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வியாபாரத்துக்கென்று கட்டின இடத்தில் வியாபாரத்துக்கு இடைஞ்சலாக இத்தனை அழகை வைத்தவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும் என்று நான் வாயைப் பிளந்தேன்.

ஆனால் என்னை அசத்தியது வேறு. அந்தக் கட்டடத்தில் ஒரு விரிசல்கூட இல்லை. கரிசலில் வீடு கட்டினவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மழை பெய்தால் மண் பொங்கும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மேலே இருக்கிற சுவர் பாவம் என்ன செய்யும்? எங்கள் வீட்டுச் சுவர் விரிசலில் அணிலே குடும்பம் நடத்தியது. இங்கே தார்சாவைத் தாண்டியிருந்த உள்கூடமான பட்டாசாலையின் சுவர் தரையிலிருந்து கூரைவரை ஒரே வீச்சாக நின்றது. கரிசலை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் சுக்கான் பாறை தட்டுப்பட்ட பிறகு அதன்மேல் அஸ்திவாரம் போட்டார்களாம். தோண்டின குழியில் ஆனையை இறக்கினால் முதுகுகூடத் தெரியாது என்று மேனேஜர் சொன்னார். சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அப்படியே நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த மேனேஜருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். நான் அவளைப் பார்த்ததில்லை, குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். பின்கட்டில் அவள் யாருக்கோ பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். படிக்கிற நேரத்தில் இடையிடையே, "பொய்யி, இது பச்சப் பொய்யி" என்று அவளே சொல்லிக்கொள்வாள். எனக்குச் சிரிப்பாக வரும். அந்தக் குரலுக்காகவே தேவையில்லாத மாதிரிப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் மேனேஜரே, "வீட்டுல பெரியவியளக் கூட்டிட்டு வாங்க தம்பி, பேசுவோம்" என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அதற்கு முன்னால் எனக்குப் பேசின இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளை நல்லவர், சம்பளம் வாங்குகிறார், எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் இல்லாத ஊருக்கு எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? "எம் பொண்ணு சிரட்டயும் கையுமா ஓடையில உக்காரவா வளத்தேன்?" என்று ஒரு தகப்பனார் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். இந்த இடமும் போய்விட்டால் எனக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்புதான். அதைவிட, அந்தக் குரல் இன்னொருவன் வீட்டுக்குப் போய்விடும்.

பெண் பார்க்க மூன்று பேர் புறப்பட்டோம். நான், என் தாய்மாமா, அம்மா. அம்மா முதலில் வரமாட்டேன் என்றாள். அப்பா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாது என்பது வழக்கம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ வரலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். உன் வாயால சரின்னு சொன்னாத்தான் சரி" என்றேன். "ஏலே, அடம் பிடிக்காதலே, சகுனத்தடையாயிரும்" என்று அழுதாள். கடைசியில், எல்லாருக்கும் பின்னால்தான் வருவேன், சபையில் உட்கார மாட்டேன் என்று சொல்லி, வெளுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். கடம்பூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தோம்.

அது கடுங்கோடை. கட்டடத்துக்குள் கால் வைத்ததும் உடம்பு குளிர்ந்தது. மேலே தேக்கு உத்திரங்கள், அவற்றுக்கிடையே செங்கல்லைக் குத்துக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு பூசின கூரை. வெயில் அதைத் தாண்டி இறங்கவே இல்லை. மாமா அண்ணாந்து பார்த்து, "மாப்ளே, இது கோயிலா வீடா?" என்று என் காதில் கேட்டார். மேனேஜரும் அவருடைய தம்பியும் எங்களைப் பட்டாசாலைக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் பாயில் உட்கார்ந்தோம். கடலைமிட்டாயும் காராச்சேவும் வந்தன. அம்மா சொன்ன சொல் தவறாமல் தார்சாவிலேயே, கதவு நிலைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டாள். மேனேஜர் எத்தனை கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

அங்கே நின்றபடியே அவள் உள்ளே பார்த்திருக்கிறாள். நாங்கள் ஒரு மூலையில் இருந்தோம். நடுமுற்றத்தை ஒட்டிய மற்ற பக்கம் முழுக்க வெறும் தரை. கன்னங்கரேலென்று, எண்ணெய் வழிகிற மாதிரி மினுங்குகிற தரை. முற்றத்து வெளிச்சம் அதில் விழுந்து, தூண்கள் தலைகீழாக உள்ளே நின்றன. மேலே இருக்கிற நீலக் கண்ணாடியும் அதற்குள் கிடந்தது. காற்றுக்குத் திரைச்சீலை ஆடினால் அடியிலும் ஆடியது.

"ஐயோ பாவிகளா!"

அம்மாவின் குரல்தான். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம்.

"இத்தன தண்ணியக் கீழ கொட்டிப் போட்டுட்டு எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கியளே! இந்தக் கோடையில! அடுக்குமா?"

சொல்லிக்கொண்டே நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். சகுனமாவது தடையாவது, எல்லாம் மறந்துபோய்விட்டது அவளுக்கு. நேராக என்னிடம் வந்து, அன்றைக்கென்று வாங்கியிருந்த புதுத் துண்டை என் தோளிலிருந்து உருவினாள். தரையில் மண்டியிட்டுத் துண்டை விரித்து ஒத்த ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் கொட்டின தண்ணீரை யாரும் அப்படியே விடமாட்டார்கள். துணியால் ஒத்தியெடுத்து, சட்டியில் பிழிந்து ஆட்டுக்கு வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவளும் செய்தாள். ஒத்தினாள், துண்டைத் தூக்கினாள், முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. துண்டைப் பார்த்தாள். மறுபடி ஒத்தினாள்.

மேனேஜரின் தம்பி குபீரென்று சிரித்துவிட்டார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அண்ணாச்சி, பாத்தியளா? தரயத் தொடச்சுக் குடிக்கிற ஊருக்கா நம்ம பொண்ணக் குடுக்கப் போறிய?" என்றார்.

மாமா எழுந்து நின்றுவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். எல்லாவற்றையும்விட, அம்மா அப்படியே மண்டியிட்டபடி, துண்டைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, தரையையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அவமானத்தில் குறுகிப்போய்விட்டாள் என்று நினைத்தேன். கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே.

அப்போது பின்கட்டுக் கதவு படாரென்று திறந்தது. வந்தது அந்தக் குரல்.

"எதுக்குச் சிரிக்கிய சித்தப்பா? தண்ணின்னு நெனச்சா அள்ளத்தான் செய்வாவ. உங்கள மாதிரி சேலயத் தூக்கிக்கிட்டுத் தாண்டியா போவாவ?"

சித்தப்பா எங்கே சேலை கட்டினார்? கோபத்தில் அவளுக்கு வார்த்தை இடம் மாறிவிட்டது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், கூப்பிடுவதற்கு முன்னால், அலங்காரம் பாதியில் நிற்க, ஒரு பக்கச் சடை மட்டும் பின்னியிருக்க, பெண்ணே வெளியே வந்து சித்தப்பாவை அதட்டினால் யாருக்குச் சிரிப்பு வரும்? அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளும் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "அத்த, இது தண்ணி இல்ல, தர. தொட்டுப் பாருங்க" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துத் தரையில் வைத்தாள். இரண்டு பேரும் தலை குனிந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று மேனேஜர் அந்தத் தரையின் கதையைச் சொன்னார். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய் ஊறின தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, சிரட்டைக் கரியால் கறுப்பேற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்தார்களாம். பிறகு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆற்றுக் கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்தார்களாம். தன் முகம் தரையில் தெரிகிறவரை தேய்த்தவளுக்குத்தான் கூலி என்று கட்டினவர் சொல்லிவிட்டாராம். வேறொரு நாளாக இருந்தால் நான் வாய் பிளந்து கேட்டிருப்பேன். அன்றைக்கு என் கண் அம்மாவின் குனிந்த முதுகை விட்டு நகரவில்லை. இருந்தும் சொல்கிறேன், அந்த நேரத்திலும் அந்தத் தரை என்னை மிரட்டியது. மனிதர்கள் கையால் தேய்த்தே கரியையும் சுண்ணாம்பையும் தண்ணீராக்கிவிட்டார்களே!

"ஊருக்குப் போயி தாக்கல் சொல்லி விடுதோம்" என்று மாமா கும்பிட்டார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் சேதி வராது என்று எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். போகும்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

ரயிலில் மாமா விடவே இல்லை. "பொண்ணுக்கு வாய் ஒரு முழம் நீளம் மாப்ளே. சொந்தச் சித்தப்பனையே இந்தப் போடு போடுதா, நாளைக்கு உன்ன விட்டு வப்பாளா? அந்த ஆளும் சிரிச்ச சிரிப்பு இருக்கே... அக்கா, நீ என்ன சொல்லுத?" அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த வாய்தானே மாமா எனக்கு வேண்டும் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அம்மாவின் வாயால் சரி என்று வர வேண்டும் என்று சொன்னவன் நான். அவளை அங்கே மண்டியிட வைத்துச் சிரித்த வீட்டில் பெண் எடு என்று எந்த முகத்தோடு கேட்பது? கடம்பூரில் இறங்கினதும் மாமா போளி வாங்கிக் கொடுத்தார். சூடாக இருந்தது. நான் அதைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்குக் காட்டு வழியாக நடை. வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் வாய் வாயாக வெடித்துக் கிடந்தது. மாமா முன்னால் போய்விட்டார்.

"அம்மா, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிரு. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு வராத" என்றேன்.

"வேண்டாம்னு எவன் சொன்னான்?"

"பின்ன ஏன் ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்குத? அவிய சித்தப்பா சிரிச்சாரேன்னுதான?"

"அவுக சிரிச்சாவளா?" என்று அம்மா திரும்பிக் கேட்டாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு அவள் காதிலேயே விழவில்லை.

"பொண்ண நான் நிமிந்துகூடப் பாக்கலலே" என்றாள். "அந்தத் தரைக்குள்ளதான் பாத்தேன். எம் பக்கத்துல வந்து உக்காந்தாள்லா, அப்ப. நல்ல மொகம். கண்ணுல கள்ளம் இல்ல. அவளே இருக்கட்டும். மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்கு அந்தக் காட்டிலேயே கூத்தாட வேண்டும்போல் இருந்தது. மாமாவைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டேன். அம்மா நடக்காமல் நின்றிருந்தாள்.

"அவளுக்கு முந்தி அங்கன ஒருத்தி இருந்தா" என்றாள். "நான் குனியவும் அவளும் குனிஞ்சு பாத்தா. யாரோ அந்த வீட்டுக் கெழவி, கீழ இருந்து பாக்கான்னு நெனச்சேன். நான் துண்டத் தூக்கவும் அவளும் துண்டத் தூக்குதா."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்பா இறந்த அன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார்கள். பொட்டு இல்லாதவளுக்குக் கண்ணாடி எதற்கு என்று யாரோ சொன்னார்கள், அதோடு அது போய்விட்டது. எனக்குச் சிரைப்பதும் சீவுவதும் ஊர்க் கடையில் நடந்துவிடும், வீட்டில் ஒரு கண்ணாடி இல்லை என்பதே எனக்கு உறைத்ததில்லை. எங்கள் ஊருணித் தண்ணீர் காப்பி நிறம், அதிலும் முகம் தெரியாது. அன்றைக்கு அந்தத் தரையில் குனிந்தபோது அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

அம்மா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எம் மொகம் எப்பலே இப்படி ஆச்சு? தெனமும் பாக்குத நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"